உங்க இஷ்டம்ங்க

ஆளைத் தூக்கி நிறுத்துகிற சொல்லும் தமிழில் உண்டு, குழியில் தள்ளுகிற சொல்லும் உண்டு. ஆனால் தள்ளியும் விட்டு, "நான் எங்கே தள்ளினேன், அவராகத்தானே விழுந்தார்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போகிற சொல் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். 'உங்க இஷ்டம்.' இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். கேட்டு முடித்த பிறகு உங்களுக்குக் கோபம் வராவிட்டால் அது உங்கள் பாடு.

அலுவலகத்தில் அவளுக்குச் சக்கரை என்று பெயர். உடம்பில் சக்கரை இல்லை, குரலில். காதில் மாட்டிய கருவியில் "வணக்கம்ங்க, சொல்லுங்க" என்று அவள் ஆரம்பித்தாலே, திட்டுவதற்காக அழைத்தவர்கூட இரண்டு டப்பா ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் வைப்பார். முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து பேசுகிற கூடம் அது. மேசைக்கு மேசை அட்டைத் தடுப்பு. தடுப்பில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுப் பிள்ளைகளின் படத்தை ஒட்டியிருப்பாள். சக்கரையின் தடுப்பில் அவள் அண்ணன் படம் இருந்தது.

விற்றது ஒரு சிவப்பு டப்பா. உள்ளே பொடி. இதயத்துக்கு வலு, உடம்புக்குத் தெம்பு. "ரத்தம் சீரா ஓடும்ங்க, மூச்சு வாங்காது, படி ஏறினா கால் கெஞ்சாது, காலைல எழுந்திரிக்கிறப்ப உங்களுக்கே உங்க வயசு மறந்துடும்" என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். டப்பாவுக்குள் இருந்தது காயவைத்து அரைத்த பீட்ரூட், நாலைந்து சத்துகள், அப்புறம் தேயிலைச் சாறு. விஷம் ஒன்றும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், பொய்ப்பழி வேண்டாம். அந்தத் தெம்பெல்லாம் தேயிலை கொடுப்பது. இரண்டு கப் நல்ல டீ குடித்தாலும் வரும். ஆனால் டீக்கு யார் டெலிபோன் செய்து ஆர்டர் கொடுக்கப்போகிறார்கள்!

அழைக்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான். "இதைக் குடிச்சா டாக்டர் கொடுத்த மாத்திரையை விட்டுடலாமா?" 'விடுங்கள்' என்று சொன்னால் கம்பெனி மேல் வழக்கு வரும். 'விடாதீர்கள்' என்று சொன்னால், அப்புறம் இந்தப் பொடி எதற்கு என்று அழைத்தவர் போனை வைத்துவிடுவார். இதற்கு வழி கண்டுபிடித்தவள் மேற்பார்வைக்காரி. நேரில் எல்லோரும் அவளை மேடம் என்பார்கள். எல்லோருடைய அழைப்பையும் நடுவில் நுழைந்து கேட்பதால், முதுகுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்பு.

"'அது உங்க இஷ்டம்ங்க'னு சொல்லுங்க" என்று முதல் நாளே பாடம் நடத்தினாள். "மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு சொன்னா 'எக்கேடோ கெட்டுப் போ'னு அர்த்தம். சிரிச்சுக்கிட்டே சொன்னா 'தாராளமா செய்யுங்க'னு அர்த்தம். எழுதிப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். எவனும் நம்மள ஒண்ணும் கேக்க முடியாது. அந்தக் கடைசி 'ங்க' இருக்கே, அதைக் கொஞ்சம் இழுங்க. அதுலதான் வியாபாரமே இருக்கு."

சக்கரை இழுத்த இழுப்பைக் கேட்டு ஒட்டுக்கேட்பே கை தட்டினாள்.

வீட்டில் அவள் வெறும் பாப்பா. நாற்பதைத் தொடப்போகிற பாப்பா. கல்யாணம் ஒன்று நடந்து, ஒத்துவராமல் முடிந்து, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, "வந்துட்டியா, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டவர் அண்ணன். அதற்கு மேல் இன்றுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. அந்த இடத்தில் அவளை வைத்துக்கொண்டார்கள். அண்ணி முன்னறையில் ஒரு நீள மேசையைப் போட்டு அக்கம்பக்கத்து வீட்டுத் துணிகளை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மேசைக்கு ஒரு கால் குட்டை. இஸ்திரிப்பெட்டி போகும்போது 'டக்', வரும்போது 'டக்'. அந்தச் சத்தத்தோடுதான் அந்த வீடு பேசும், சாப்பிடும், தூங்கும்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடுகிற கட்டடத்துக்கு யாரும் லிஃப்ட்காரனைக் கூப்பிடுவதில்லை. கெட்டுப்போனால்தான் கூப்பிடுவார்கள். மெஷின் இருப்பதோ உச்சி மாடியில். "ஊரையெல்லாம் ஏத்தி இறக்குற நான், படி ஏறியே சாவணும்னு எழுதியிருக்கு" என்பது அவருடைய பழைய ஜோக். அந்த வேலைக்கு எப்போதும் இருவராகப் போக வேண்டும். மேலே ஒருவர், கீழே ஒருவர். அவருடைய ஜோடிக்கு நட்டு என்று பெயர். ஆள் குள்ளம், சட்டைப்பையில் எப்போதும் நாலு நட்டு கிடக்கும். அண்ணன் நெட்டை என்பதால் இருவரையும் சேர்த்து போல்ட்டும் நட்டும் என்பார்கள். ஒன்றில்லாமல் ஒன்று எதற்கு ஆகும்?

அந்த அண்ணனுக்கு ஒரு நாள் படியில் நெஞ்சைப் பிடித்தது. நட்டு முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. அதை எடுத்துவிட்டு, குழாய் திரும்ப மூடிக்கொள்ளாமல் இருக்க உள்ளே சின்னதாக வலைக்குழாய் ஒன்று வைத்தார்கள். அண்ணன் பாஷையில் அது ஸ்பிரிங். "உள்ள ஸ்பிரிங் போட்டு விட்டிருக்காங்க, இனி நம்ம வண்டி நிக்காது" என்று பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டினார். காட்ட அங்கே ஒன்றும் இல்லை, குழாயை உள்ளே விட்டது கை வழியாக. டாக்டர் மூன்று மாத்திரை கொடுத்தார். ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, துடிப்பை நிதானப்படுத்த ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. "ஒரு வருஷத்துக்கு ஒரு வேளைகூட விடக் கூடாது" என்றார். அண்ணன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டினார்.

உயிர் பிழைத்தார். ஆனால் பழைய ஆள் திரும்பி வரவில்லை. துடிப்பை அடக்குகிற மாத்திரை ஆளையே அடக்கிப் போட்டது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். "உடம்பு நனைஞ்ச மூட்டை மாதிரி இருக்குடி" என்பார் அண்ணியிடம். உச்சி மாடிக்கு நட்டு போனார், அண்ணன் கீழே நின்று ஒயரை எடுத்துக் கொடுத்தார். வாழ்நாளெல்லாம் மேலே நின்ற மனிதர் கீழே நிற்க வேண்டியதாயிற்று. அதுதான் அவருக்கு நெஞ்சு வலியைவிடப் பெரிய வலி. சிரிப்பு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்கச் சக்கரைக்குப் பொறுக்கவில்லை.

அப்போது பார்த்து அலுவலகத்தில் நல்ல குரலுக்கு என்று அவளுக்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசு என்ன? ஆறு சிவப்பு டப்பா. சாதாரணச் சத்துப்பொடிதானே, குடித்தால் கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஆனால் அவள் அன்பாகத்தான் கொண்டுவந்தாள், அதை மறுக்க முடியாது.

அண்ணன் குடித்தார். ஒரு வாரம் போல ஆனது. சாப்பாட்டு நேரத்தில், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, இந்தப் பொடி குடிக்கிறேன்ல. அப்ப அந்த மாத்திரைய விட்டுடலாமா?"

சக்கரை அன்று நாள் முழுதும் பேசிவிட்டு வந்திருந்தாள். கருவி மாட்டிய காது சிவந்து எரிந்தது. தலைவலி. இதே கேள்வியை அன்று எத்தனை பேர் கேட்டார்களோ அவளுக்கே கணக்கில்லை. அவள் நிமிரவில்லை, யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்து, அலுவலகக் குரலில், தேனாகச் சொல்லிற்று.

"அது உங்க இஷ்டம்ங்க."

அண்ணனை அவள் பிறந்ததிலிருந்து 'நீ' என்றுதான் பேசுவாள். அண்ணன் ஒரு கணம் முழித்தார். பிறகு வீடே அதிரச் சிரித்தார்.

"பாத்தியாடி! எனக்கே டெலிபோன் குரல்ல பதில் சொல்றா!"

அண்ணியும் சிரித்தாள். நெடுநாள் கழித்து அண்ணன் சிரிப்பதைப் பார்த்த சந்தோஷத்தில் சக்கரையும் சிரித்தாள். யாராவது ஒருவர் அந்தச் சிரிப்பை நிறுத்தி, "ஏய், விளையாடாத, மாத்திரையை மட்டும் விட்டுடாத" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். சொன்னதே காலையில் நினைவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருத்திக்கு, கேடு இன்னொருவருக்கு.

அதன்பின் அண்ணன் பூத்துவிட்டார். ஆம், பூத்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் விசில் அடித்துக்கொண்டு சவரம் செய்தார். அண்ணியின் பின்னலைப் பிடித்து இழுத்தார். நட்டு கீழே, இவர் மேலே. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் மூச்சு விடாமல் ஏறினார் என்று நட்டு வீட்டுக்கே வந்து சாட்சி சொன்னார். "தங்கச்சி, என்ன மந்திரம் போட்ட? மனுஷன் குரங்கு மாதிரி ஏறுறாரு!" பிரேக்கைக் கழற்றிவிட்டால் எந்த வண்டியும் வேகமாகத்தான் போகும். அடக்கி வைத்த மாத்திரை போய், தேயிலைச் சாறும் உள்ளே இறங்கினால் மனுஷன் ஏறாமல் என்ன செய்வார்? ஆனால் அது யாருக்குத் தெரியும். சக்கரைக்குத் தெரியாது. அவர் மாத்திரையும் போடுகிறார், பொடியும் குடிக்கிறார் என்றுதான் நினைத்தாள். வாய்க்கு வந்தபடி விற்கிற பொடி உண்மையிலேயே நல்ல பொடிதானோ என்று அவளுக்கே ஒரு பெருமை வந்தது. அழைத்தவர்களிடம், "எங்க வீட்டுலயே குடிக்கிறாங்கங்க" என்று மனதாரச் சொன்னாள்.

அண்ணன் பார்த்தவரிடம் எல்லாம் டப்பாவின் புகழ் பாடினார். நட்டுக்கு ரத்த அழுத்தம். அவருக்கும் ஒரு டப்பா கொடுத்தார்.

ஒரு விடுமுறை நாள். அண்ணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சக்கரை மடித்துக் கொடுத்தாள். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. என்ன என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. 'டக்' சத்தம் இல்லை.

"மேசை ஆடல போல அண்ணி?"

"அதுவா, அது நின்னு ரொம்ப நாளாச்சே. நீ எங்க வீட்டைக் கவனிக்கிற?"

சக்கரை குனிந்து பார்த்தாள். குட்டைக் காலுக்கு அடியில் ஒரு மருந்து அட்டைப்பெட்டி. பிரிக்காத பெட்டி. ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரை. மேசைக் காலின் கனத்தில் நசுங்கி, அளவெடுத்துச் செய்த மாதிரி அங்கே பொருந்தி உட்கார்ந்திருந்தது.

"அண்ணி, இது இங்க ஏன் இருக்கு?"

"உங்க அண்ணன்தான் இனி வேணாம்னாரே. தூக்கிப் போட மனசு வரல. மேசையும் ஆடிக்கிட்டே இருந்துச்சு, வச்சேன்." அண்ணி சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டாள். "நீதானேம்மா விட்டுடலாம்னு சொன்ன."

சக்கரை பெட்டியை விட்டு நிமிர்ந்தாள். நான் எப்போது சொன்னேன் என்று கேட்க வாயெடுத்தாள். அப்போதுதான் அந்தத் தட்டும், அந்தத் தலைவலியும், அந்த இழுத்த 'ங்க'வும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

அண்ணன் வீட்டுக்குள் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, ஏன் மாத்திரைய விட்ட? உன்னை யாரு விடச் சொன்னா?"

"நீதான்."

"நான் விடச் சொல்லலண்ணா. 'உங்க இஷ்டம்'னுதான் சொன்னேன்."

"ஆமா, சிரிச்சுக்கிட்டே சொன்ன. வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்க மாட்ட? நீ என் தங்கச்சி, எனக்குக் கெட்டதா சொல்லுவ?"

அவள் அலுவலகத்தில் நடப்பதைச் சொன்னாள். ஒட்டுக்கேட்பு நடத்திய பாடத்தைச் சொன்னாள். தேயிலைச் சாறைச் சொன்னாள். பொடி ஒன்றும் செய்யாது, உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கில் ரத்தம் கட்டிக்கொள்ளும், அந்த மாத்திரைதான் அதைத் தடுக்கிறது என்று அழுதுகொண்டே சொன்னாள். அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மாறிற்று.

"அப்ப ஊருல இருக்கிறவங்க எல்லாருக்கும் பொய்தான் சொல்லிக்கிட்டிருக்கியா?"

"ஆமாண்ணா."

"எத்தனை வருஷமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்களுக்கு எல்லாம் பொய் சொல்லுவ. இப்ப எனக்கு மட்டும் உண்மை சொல்றேன்னா நான் எதை நம்பறது, பாப்பா? என் உடம்பு நல்லாயிருக்கு. அதை நம்பறேன்." அறைக்குள் போனார். "மறுபடியும் என்னை மூட்டையா ஆக்கப் பாக்காத" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு பெரியவர் அழைத்தார். அதே கேள்வி. சக்கரை, "ஐயா, மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க, உங்க கால்ல விழறேன்" என்றாள். பெரியவர் பயந்துபோய் வைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் ஒட்டுக்கேட்பு பக்கத்தில் வந்து நின்றாள். திட்டவில்லை. "மனசு சரியில்லன்னா லீவு போட்டுட்டுப் போ. இங்க உக்காந்தா இங்கத்த பேச்சைப் பேசு" என்றாள். சக்கரை லீவு போடவில்லை. வீட்டில் அண்ணனைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார அவளால் முடியாது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு இங்கத்த பேச்சையே பேசினாள். அவளை நான் இங்கே மன்னிக்கச் சொல்லவில்லை.

வீட்டில் அவள் செய்தது வேறு. பேச்சை நிறுத்திவிட்டாள். அண்ணன் மாத்திரை போடுகிறவரை இந்த வாயைத் திறப்பதில்லை என்று ஒரு பிடிவாதம். கெஞ்சிப் பார்த்தாயிற்று, அழுது பார்த்தாயிற்று, அவளிடம் இருந்தது குரல் ஒன்றுதான். அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டாள். அண்ணன் முதலில் கிண்டல் செய்தார். "என்ன, லைன் கட்டாயிடுச்சா? ரீசார்ஜ் பண்ணட்டுமா?" என்றார். பிறகு கோபப்பட்டார். பிறகு அவரும் பேச்சைக் குறைத்தார். தட்டு வைக்கிற சத்தமும் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும்தான் மிச்சம். மேசைகூட ஆடவில்லை.

"அவளைப் பேசச் சொல்லுங்க" என்றாள் அண்ணி கடைசியில். "வீடு எழவு வீடு மாதிரி இருக்கு."

அண்ணன் குனிந்து, மேசையை ஒரு கையால் தூக்கி, பெட்டியை உருவினார். நசுங்கியதைப் பிரித்து ஒரு மாத்திரை எடுத்தார். அலமாரியில் கிடந்த மற்ற இரண்டையும் எடுத்தார். மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார்.

"சரி. உன் இஷ்டம்" என்றார். விழுங்கினார்.

அதில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. சோர்வுதான் இருந்தது.

"அண்ணா, நாளைக்கே டாக்டரைப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்ணா" என்றாள் அவள். அத்தனை நாள் பூட்டிய குரல் கரகரத்தது.

"அதான் போட்டுட்டேன்ல. விடு. மாசக் கடைசில பாப்போம்."

பேசிவிட்டார், விழுங்கிவிட்டார், அதுவே போதும் என்று அவள் விட்டுவிட்டாள். இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்! உள்ளே என்ன கட்டிக்கொண்டிருந்ததோ, அது இவர்களுடைய சமாதானத்துக்காகவா காத்திருக்கும்?

அடுத்த நாளே அண்ணன் பழைய மூட்டையானார். விசில் நின்றது. வேலைக்குப் போய் பாதியில் திரும்பி வந்தார். "பாத்தியா? பாத்தியா?" என்று அண்ணி கண்ணாலேயே சக்கரையைக் கேட்டாள். 'டக்' 'டக்' என்று மேசை மறுபடியும் ஆட ஆரம்பித்தது.

அதற்கும் அடுத்த நாள் காலையில், ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மடித்து அடுக்கியிருந்த துணிகளின் மேல் அப்படியே சாய்ந்தார். வழக்கம்போல அழைத்துப்போக வந்த நட்டு இரண்டாம் தடவையாக அவரை முதுகில் சுமந்தார். இந்தத் தடவை கனம் வேறு மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார்.

அலுவலகக் கூடத்துக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது, வாசல் அலமாரியில் பூட்டிவிட வேண்டும். அலமாரிக்குள் அது அடித்து அடித்து ஓய்ந்தது. உள்ளே சக்கரை ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா தன் கணவருக்காகக் கேட்டாள், மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று. "அது உங்க இஷ்டம்ங்க" என்று சக்கரை சொல்லி முடிக்கவும் ஒட்டுக்கேட்பு அவள் தோளைத் தொடவும் சரியாக இருந்தது. மேடத்தின் கையில் சக்கரையின் பை இருந்தது. "கிளம்புமா. வீட்டுலேருந்து ரிசப்ஷனுக்கு போன் வந்துச்சு" என்றாள். அன்றைக்கு அவள் குரலில்கூட இழுப்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் அண்ணியையும் சக்கரையையும் உட்கார வைத்து, பொறுமையாகத்தான் சொன்னார். வைத்த குழாய் மறுபடியும் அடைத்துக்கொண்டது, ரத்தம் உறைந்து மூடிவிட்டது என்றார். "மாத்திரையை நடுவுல நிறுத்தினாரா?"

"நிறுத்தினப்ப நல்லாத்தான் இருந்தாரு" என்றாள் அண்ணி. அவளுக்கு அழுகையே வரவில்லை. "நிறுத்தினப்ப ஒன்பது மாடி ஏறினாரு. திரும்பப் போட வச்சா இவ. மூணாம் நாள் செத்துட்டாரு."

"அப்படி இல்லம்மா. நிறுத்தினதாலதான்..."

"நான் கூடவே இருந்து பாத்தேன் சார். நீங்க பாத்தீங்களா?"

டாக்டர் சக்கரையைப் பார்த்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியும் அவளிடம்தான் வந்தது, பாவமும் அவளுடையதுதான். ஆனால் பழி தப்பான காரணத்துக்காக வந்தது. செய்யாத ஒன்றுக்காகக் கொலைகாரி ஆனாள். செய்த ஒன்றை யாரும் கேட்கவேயில்லை.

வீட்டில் ஆட்கள் நிறைந்தார்கள். இஸ்திரி மேசையை வாசலில் தூக்கிப் போட்டிருந்தார்கள். முன்னறையில் அண்ணன் நீளமாகப் படுத்திருந்தார். கடைசி நாட்களில் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தார் என்றே எல்லோரும் பேசினார்கள். "போன வாரம்கூட என் வீட்டுக் கட்டடத்துல படியில ஓடினாரே" என்றார் ஒருவர். "என்னமோ பொடி குடிச்சாராம்ல? அதை நிறுத்திட்டு மாத்திரை போட்டாராம்" என்றார் இன்னொருவர். பொடியை அவர் நிறுத்தவே இல்லை. கதை அதற்குள் அப்படி ஆகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நட்டு சுவரோரம் குந்தியிருந்தார். இரண்டு தடவை சுமந்த முதுகு வளைந்திருந்தது. அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அண்ணியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. அவர் குடிச்ச பொடி மிச்சம் இருக்கா? என்னது தீந்துபோச்சு. அது உள்ள போனதுலேருந்துதான் எனக்கும் உடம்பு உடம்பா இருக்கு. பிரஷர் மாத்திரையும் விட்டுட்டேன், அவர் சொன்னாருன்னு. நல்ல வேளை, நான் திரும்பப் போடல."

அண்ணி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு சிவப்பு டப்பா இருந்தது.

சக்கரை அப்போதுதான் பாய்ந்தாள். "வேணாம்ணா! குடிக்காதீங்க! மாத்திரை போடுங்க, இன்னைக்கே போடுங்க, இப்பவே போடுங்க! அது பொய்ணா, நான் சொன்னதெல்லாம் பொய்!" டப்பாவைப் பிடுங்கக் கை நீட்டினாள். நாலு பெண்கள் அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். குரல் உடைந்து, தேன் எல்லாம் வடிந்து, வெறும் கத்தலாக வந்தது. "அண்ணன் மேல உசிரையே வச்சிருந்தா, பாவம்" என்றாள் பிடித்துக்கொண்டவர்களில் ஒருத்தி. "தண்ணி குடுங்க, புத்தி பேதலிச்சுடப் போகுது" என்றாள் இன்னொருத்தி.

நட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார், படுத்திருந்த தன் ஜோடியைப் பார்த்தார். குழம்பிப்போய் அண்ணியிடம் திரும்பினார்.

"தங்கச்சி இப்படிச் சொல்லுதே. நான் என்னம்மா பண்ணட்டும்? மாத்திரைய போடவா, விடவா?"

அண்ணி அழுகையே வராத கண்ணோடு அவரைப் பார்த்தாள்.

"அது உங்க இஷ்டம்ங்க" என்றாள்.

நட்டு தலையை ஆட்டிவிட்டு, டப்பாக்களைப் பைக்குள் வைத்தார்.